எழுபதாயிரம் அட்வான்ஸ், மூன்று மாத பாக்கி: கும்பகோணத்து வாடகை வீடு ஒன்றின் கணக்கு

வீட்டுக்கு எவ்வளவு அட்வான்ஸ் கேட்கலாம் என்பதைப் பொதுவாகப் பேசினால் முடிவு வராது. ஒரு வீட்டை வைத்துக் கடைசி ரூபாய் வரை கணக்குப் போட்டால்தான் எங்கே தப்பு என்று தெரியும். இங்கே வரும் வீடும் ஆட்களும் தொகைகளும் அந்தக் கணக்குக்காக நாங்கள் அமைத்துக்கொண்ட மாதிரி. சிக்கல்கள் மட்டும் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் வீடு வாடகைக்கு விடுகிற யாருக்கும் பழக்கமானவை.

வீடும் ஒப்பந்தமும்

கும்பகோணத்தில் அரசலாற்றுக்குப் பக்கத்துத் தெரு. முப்பது வருடத்துக் கட்டடம். மாடியில் வீட்டுக்காரர், கீழ்ப் போர்ஷன் வாடகைக்கு. ஹால், இரண்டு அறை, சமையலறை, ஒரு குளியலறை, பின்பக்கம் துணி துவைக்கும் இடம். கீழுக்குத் தனி மின் இணைப்பு. போர் தண்ணீர், மோட்டார், கக்கூஸ் தொட்டி மூன்றும் இரண்டு வீட்டுக்கும் பொது.

வாடகை மாதம் 9,000 ரூபாய். வீட்டுக்காரர் பத்து மாத அட்வான்ஸ் கேட்டார், 90,000. பேசி 70,000-த்தில் முடிந்தது. 50,000 ரொக்கம், ரசீது கிடையாது. 20,000 செல்போன் வழியாக. இருபது ரூபாய் பத்திரத்தில் பதினொரு மாத ஒப்பந்தம், வேறொரு வீட்டுக்கு அடித்ததில் பெயரை மாற்றிப் போட்டது. வாடகை மாதம் முடிந்து அடுத்த மாதம் ஐந்தாம் தேதிக்குள். காலி செய்ய ஒரு மாத நோட்டீஸ். வீட்டிலுள்ள பொருள்களின் பட்டியல் இல்லை, படமும் எடுக்கவில்லை.

குடிவந்தவர் சின்ன உரக்கடை வைத்திருப்பவர். ஜூன் முதல் தேதி, பள்ளிக்கூடம் திறக்கும் நேரம் பார்த்துக் குடும்பத்தோடு வந்தார். பதினொரு மாதம் முடிந்ததும் வாடகை 9,500 ஆனது, அடுத்த பதினொரு மாதத்தில் 10,000. ஒப்பந்தம் மறுபடி எழுதப்படவில்லை. அட்வான்ஸ் பணத்தை வீட்டுக்காரர் மாடிக் குளியலறைக்கு டைல்ஸ் போடச் செலவழித்துவிட்டார்.

மூன்றாவது வருடம் அக்டோபர் வாடகை நவம்பர் ஐந்தில் வரவில்லை. சம்பாவுக்கு உரம் கடனாகப் போகிற மாதங்கள் அவை. கடைக்குப் பணம் திரும்புவது தை, மாசி அறுவடைக்குப் பிறகுதான். வீட்டுக்காரரும் "கையில அட்வான்ஸ் இருக்கே" என்று பேசாமல் இருந்தார். டிசம்பர் முதல் தேதி குடித்தனக்காரர் சொன்னார்: "பதினஞ்சாம் தேதி காலி பண்ணிக்கிறோம் சார். மூணு மாச வாடகைய அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க."

காலி செய்த அன்று வீட்டுக்காரர் கொடுத்த பிடித்தச் சீட்டு இது:

அக்டோபர், நவம்பர், டிசம்பர் வாடகை: 30,000
வீடு முழுக்க பெயிண்ட்: 22,000
புது ஹீட்டர்: 6,500
குழாய்கள்: 900
கரண்ட் பில், உத்தேசமாக: 3,180
தொட்டி எடுத்த கூலி: 3,500
மொத்தம்: 66,080
திருப்பித் தர வேண்டியது: 3,920

அந்த 3,920-ம் அடுத்த குடித்தனம் வந்து அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் என்றார். குடித்தனக்காரர் பணம் வந்தால்தான் சாவி என்று ஒரு அறையைப் பூட்டிக்கொண்டு போனார். வீடு கிடப்பில் கிடந்தது.

சட்டம் எங்கே நிற்கிறது

இதில் பொருந்துவது தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017. பழைய 1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பணத்தைப் பற்றிப் பேசுவது அதன் 11-ஆம் பிரிவு, இரண்டே வரி. ஒப்பந்தத்தில் வேறு விதமாகப் பேசியிருந்தாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பது முதல் வரி. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்ப வேண்டும் என்பது இரண்டாவது. அடுத்த குடித்தனம் வந்த பிறகு தருகிறேன் என்ற பேச்சுக்கு அதில் இடமே இல்லை.

இரண்டு மாதம்தானே சட்டம் என்று சிலர் கேட்பார்கள். அது 2021-இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சட்டத்தில் குடியிருப்புகளுக்குச் சொன்ன வரம்பு. தமிழ்நாட்டுக்குத் தன் சட்டம் உண்டு. இங்கே எண்ணிக்கை மூன்று.

"ஒப்பந்தத்தில் வேறு விதமாக" என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு பத்து மாதம் வாங்கலாம்தானே என்று கேட்கலாம். எழுத்தில் இருவரும் ஒப்புக்கொண்டால் கூடுதலாக வாங்க வழி இருக்கிறது. நம் வீட்டில் 70,000 என்று எழுதிக் கையெழுத்தானதால் தொகையை மட்டும் வைத்து வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாங்க முடியும் என்பதும் வாங்குவதில் லாபம் இருக்கிறது என்பதும் வேறு வேறு. லாபம் இல்லை என்பதைக் கீழே கணக்கில் காணலாம்.

பழுதுகளில் யாருடையது எது என்பதற்கு அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர்கள் படிக்காமல் விடுகிற பக்கம் இதுதான். கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு சன்னலுக்குப் பெயிண்ட், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பக்கம். குழாய், வாஷர், வாஷ்பேசின், கழிப்பறைச் சில்லறைப் பழுது, ஹீட்டர் பழுது, சுவிட்ச், சாக்கெட், பூட்டு, கைப்பிடி, சன்னல் கண்ணாடி, கொசுவலை, கழிவுநீர் வாய் அடைப்பு எடுப்பது குடியிருப்பவர் பக்கம். பயன்பாட்டில் இயல்பாக வரும் தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல.

சீட்டை வரிவரியாகப் பார்த்தால்

வாடகை 30,000 சரியான பிடித்தம். டிசம்பரில் பதினைந்து நாள்தானே இருந்தார் என்று தோன்றும். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு மாத நோட்டீஸ் இருக்கிறது, அவர் சொன்னது முதல் தேதி. ஆகவே டிசம்பர் முழுதும் சேரும்.

பெயிண்ட் 22,000 நிற்காது. குடிவந்தபோது புதுசாக அடித்துக் கொடுத்தது என்பது உண்மைதான். முப்பது மாதம் மனிதர்கள் வாழ்ந்த சுவர் மங்குவதும் இயற்கை. வெள்ளையடிப்பு வீட்டுக்காரர் பொறுப்பு. விதிவிலக்காக நிற்பது ஒரே ஒரு சுவர்: ஹாலில் பிள்ளைகள் கிரேயானால் கிறுக்கியதும், அலமாரி மாட்டப் பெரிய ஆணி அடித்துச் சாந்து பெயர்ந்ததும். அது தேய்மானம் அல்ல, சேதம். அந்தச் சுவருக்குப் பட்டி பார்த்து இரண்டு கோட் அடிக்க 3,600 ஆகிறது என்று வைப்போம். உள்சுவர்ப் பெயிண்டுக்கு ஐந்து வருட ஆயுள் போட்டால் அறுபது மாதம். முப்பது மாதம் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. மீதி ஆயுளுக்கு மட்டும் கேட்பதே நியாயம்: 1,800. பழைய பொருளைக் கெடுத்ததற்குப் புதுப் பொருளின் விலையைக் கேட்பதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் தப்பு; பாதிச் சண்டைக்குக் காரணம் அதுவே.

இந்த வீட்டில் இன்னொன்றும் பெயிண்ட் கணக்கில் சேர்ந்துவிட்டது, அது உவர். வண்டல் மண், பக்கத்தில் ஆறு, ஐப்பசி கார்த்திகை மழையில் மேலேறும் நிலத்தடி நீர். ஈரத்தடுப்புச் சரியாகப் போடாத சுவரில் ஈரம் அடியிலிருந்து ஏறும், காயும்போது உப்பு வெளியே பூக்கும், பெயிண்ட் உப்பி உதிரும். தரையிலிருந்து ஒன்று முதல் மூன்று அடி வரை வரம்பு கட்டியதுபோல் நிற்கும். நகத்தால் சுரண்டினால் வெள்ளை மாவாகக் கொட்டும். இது கட்டடத்தின் குறை. குடித்தனக்காரருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவரால் வரும் ஈரம் வேறு மாதிரி இருக்கும்: சுவரோடு ஒட்டிவைத்த பீரோவுக்குப் பின்னால், ஆவி போக வழியில்லாத சமையலறை மூலையில், கரும்புள்ளியாகப் பூஞ்சை. பிளீச்சிங் கரைத்துத் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். உவர்ச் சுவரில் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்கே உரிந்துவிழும். அந்தச் செலவை அட்வான்ஸில் பிடிப்பது அநியாயம், அதோடு வீண் செலவும்.

இதில் பருவமும் சேர்கிறது. வீடு கொடுத்தது ஜூன், சுவர் காய்ந்திருந்த காலம். திருப்பி வாங்கியது டிசம்பர், மழை முடியும் காலம். ஒரே சுவர் இரண்டு பருவத்தில் இரண்டு முகம் காட்டும். ஜூன் மாதப் படத்தை டிசம்பர்ச் சுவரோடு ஒப்பிட்டு "நீங்கள் கெடுத்தது" என்று சொல்ல முடியாது. அதனால் டெல்டாவில் வீடு விடுகிறவர்கள் குடிவந்த முதல் மார்கழியிலும் ஒருமுறை சுவர்களைப் படம் எடுத்துக் குடித்தனக்காரருக்கும் அனுப்பிவைக்க வேண்டும். பத்து நிமிட வேலை.

ஹீட்டர் ஏழு வருடப் பழசு. உப்பு படிந்து எலிமென்ட் போயிருக்கிறது. பழுது பார்ப்பது குடியிருப்பவர் பொறுப்பு என்று அட்டவணை சொல்கிறது. புதுசு வாங்கித் தருவது அல்ல. எலிமென்ட் மாற்றக் கூலியோடு 1,200.

குழாய் 900 சரி. குடிவரும்போதே ஒழுகியது என்று அவர் சொன்னால் மறுக்க வீட்டுக்காரரிடம் சான்று இல்லை. அவர் மறுக்கவில்லை என்று வைத்துக்கொண்டு சேர்க்கிறோம்.

கரண்ட் பில்லில் உத்தேசம் கூடாது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். நம் வீட்டில் ரீடிங் நாள் நவம்பர் 3, அடுத்தது ஜனவரி 2, இடையில் 60 நாள். பில் 3,180-தான் வந்தது என்று வைப்போம்; குடித்தனக்காரர் இருந்தது அதில் 42 நாள். நாள் கணக்கில் அவர் பங்கு 2,226. இதுவும் திருத்தமான கணக்கல்ல. முதல் 100 யூனிட் இலவசம், யூனிட் ஏற ஏற விலை ஏறும், 500-ஐத் தாண்டினால் மொத்தக் கணக்கே மாறும். காலி செய்த அன்று மீட்டரை ஒரு படம் எடுத்திருந்தால் அவர் எரித்த யூனிட்டுக்கு எவ்வளவு என்று சரியாகப் போட்டிருக்கலாம். எடுக்காததால் நாள் கணக்கே கதி.

தொட்டி எடுத்தது 3,500. அட்டவணையில் வடிகால் சுத்தம் குடியிருப்பவர் பக்கம். கக்கூஸ் தொட்டி பற்றித் தனிப் பேச்சு இல்லை. இங்கே தொட்டி இரண்டு குடும்பத்துக்கும் பொது. மேலும் மழைக்காலத்தில் தொட்டிக்குள் ஊற்றுநீர் இறங்கி நிறைவது இந்த மண்ணில் சகஜம். நிறைந்தால் முதலில் எதிர்த்து வருவது கீழ் வீட்டுக்குத்தான். பாதிப்பாதி, 1,750. அடுத்த ஒப்பந்தத்தில் இதற்கென்று ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

ஆக 30,000, 1,800, 1,200, 900, 2,226, 1,750. கூட்டினால் 37,876. எழுபதாயிரத்தில் போக 32,124 திருப்பித் தர வேண்டும். வீட்டுக்காரர் காட்டிய 3,920-க்கும் இதற்கும் 28,204 ரூபாய் வித்தியாசம்.

அட்வான்ஸை அளப்பது எப்படி

இந்தக் கூட்டலில் வாடகையை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். மீதி 7,876. இரண்டரை வருடம் ஒரு குடும்பம் பிள்ளைகளோடு இருந்துவிட்டுப் போன வீட்டில் சேதம், பில், தொட்டி எல்லாம் சேர்ந்து ஒரு மாத வாடகை கூட வரவில்லை. அட்வான்ஸை விழுங்கியது நாள்கள்தான். வாடகை நின்றதற்கும் சாவி கைக்கு வந்ததற்கும் இடையில் எத்தனை நாள் ஓடியது என்பதே அட்வான்ஸின் அளவுகோல். ஊரில் எத்தனை மாதம் வாங்குகிறார்கள் என்பதை வைத்து அளந்தால் கணக்கு தப்பும்.

கணக்கு இப்படி: முதல் பாக்கி விழுந்த நாளிலிருந்து சாவி வரும் வரை எத்தனை மாதமோ அதை வாடகையால் பெருக்க வேண்டும். அதோடு ஒரு கரண்ட் பில். அதோடு உள்ளே இருக்கும் பொருள்களின் பழுதுச் செலவு.

இதில் முதல் எண்ணைக் குறைப்பது வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. நம் வீட்டில் வாடகை மாதம் முடிந்து ஐந்தாம் தேதி. அக்டோபர் பாக்கி என்று தெரிந்ததே நவம்பர் ஐந்தில். அதற்குள் முப்பத்தைந்து நாள் குடியிருந்தாயிற்று. டிசம்பர் முதல் தேதி பேச்சு வந்தபோது நாள் கடந்த பாக்கி என்று சொல்ல ஒரு மாதம்தான் இருந்தது, ஆனாலும் போய்விட்ட பணம் மூன்று மாதம். வாடகையை மாதத் தொடக்கத்தில், ஐந்தாம் தேதிக்குள் முன்னதாக வாங்கியிருந்தால் அக்டோபர் ஐந்திலேயே தெரிந்திருக்கும். முன்வாடகை ஒரு மாத அட்வான்ஸுக்குச் சமம், குடித்தனக்காரருக்கும் பெரிய சுமை இல்லை. பழைய வழக்கம் என்று பின்வாடகையை விடாமல் பிடித்துக்கொண்டு அட்வான்ஸை மட்டும் ஏற்றுவது தலைகீழான வேலை.

அடுத்து, ஐந்தாம் தேதி வராத வாடகையைப் பத்தாம் தேதி எழுத்தில் கேட்க வேண்டும். ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்: எந்த மாதம், எவ்வளவு, எந்தத் தேதிக்குள். வீட்டுக்காரர் சும்மா இருந்த நாள்கள் அவர் செலவு.

முன்வாடகையும் பத்தாம் தேதிக் கேள்வியும் இருந்தால் இந்த வீட்டுக்கு இழப்புக் காலம் இரண்டு மாதம், 18,000. கரண்ட் பில்லுக்கு 3,500. ஹீட்டர், நான்கு ஃபேன், குழாய், பூட்டு, ஒரு சுவர் என்று பழுதுக்கு 5,500. மொத்தம் 27,000. சரியாக மூன்று மாத வாடகை. சட்டத்தின் வரம்பும் நம் கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன, தனியாக எதுவும் எழுதிக்கொள்ளத் தேவையில்லை.

கரண்ட் பில்லைக் கூட இன்னும் குறைக்கலாம். இணைப்பு எண் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. ரீடிங் எடுத்த நாளிலிருந்து இருபது நாள் கெடு. கட்டியாயிற்றா என்று மின்வாரியத்தின் இணையதளத்தில் அவரே பார்த்துக்கொள்ளலாம். பாக்கியை அன்றே கேட்டால் அட்வான்ஸில் அதற்கென்று ஒதுக்க வேண்டியது குறையும்.

குடித்தனக்காரர் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால் மூன்று மாதம் போதுமா? போதாது. பத்து மாதமும் போதாமல் போகலாம். வழக்கு என்று போனால் எத்தனை மாதம் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த அபாயத்துக்கு அட்வான்ஸ் மருந்தல்ல. எழுத்து ஒப்பந்தமும் பதிவும்தான். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிந்து பதிவு எண் வாங்க வேண்டும். அவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர், விண்ணப்பம் இணையத்தில். பதினொரு மாதம்தான், பதிவு வேண்டாம் என்பது பதிவுச் சட்டத்தை வைத்து வந்த பழைய பழக்கம். 2017 சட்டத்தில் எழுத்தும் இந்தப் பதிவும் பதினொரு மாதத்துக்கும் உண்டு.

எழுபதாயிரம் கொடுத்த தொல்லைகள்

பெரிய அட்வான்ஸ் பாதுகாப்பு என்ற எண்ணம்தான் இந்த வீட்டை மாட்டிவிட்டது. வீட்டுக்காரர் நவம்பரில் கேட்காமல் இருந்ததற்குக் காரணம் எழுபதாயிரம். குடித்தனக்காரர் வாடகையை நிறுத்தியதற்குக் காரணமும் எழுபதாயிரம். இவ்வளவு பணம் திரும்பி வருமோ வராதோ என்ற பயத்தில் இருந்துகொண்டே கழித்துவிடுவது அவருக்குப் பத்திரமான வழியாகப் பட்டது. கடைசியில் அறை பூட்டப்பட்டதும் அதனால்தான்.

வருமானமாகப் பார்த்தாலும் பெரிதாக ஒன்றும் இல்லை. 27,000-க்கு மேல் வாங்கியது 43,000. ஆறு சதவீதம் வட்டி கிடைத்தாலும் வருடத்துக்கு 2,580. அட்வான்ஸ் அதிகம் என்று நல்ல குடித்தனம் ஒன்று திரும்பிப்போய் வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் போவது 9,000. மூன்றரை வருட வட்டி. மாற்றலாகி வரும் ஆசிரியர், செவிலியர், வங்கி ஊழியர் போன்றவர்கள் மாதாமாதம் ஒழுங்காகக் கொடுப்பார்கள். ஆனால் பழைய ஊரில் கொடுத்த அட்வான்ஸ் வருவதற்குள் புது ஊரில் 70,000 புரட்ட வேண்டும் என்றால் வேறு வீடு பார்ப்பார்கள்.

ரொக்கமாக 50,000 வாங்கியதும் தப்பு. வருமான வரிச் சட்டம் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக டெபாசிட் வாங்குவதையும் திருப்புவதையும் தடுக்கிறது. 27,000-மும் வங்கி வழியாகத்தான் வர வேண்டும், அதே வழியில்தான் திரும்ப வேண்டும். சான்றும் தானாகக் கிடைத்துவிடும்.

அட்வான்ஸ் வீட்டுக்காரர் கையில் இருக்கும் இன்னொருவர் பணம். டைல்ஸுக்கோ வைத்தியத்துக்கோ நாற்று நடவுக்கோ எடுத்தால் திருப்புகிற நாளில் அடுத்த குடித்தனத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டிவரும். தனிச் சேமிப்புக் கணக்கிலோ கேட்டவுடன் உடைக்கக்கூடிய வைப்பிலோ போட்டு, வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும். வீட்டுக்காரர் இறந்து, பிள்ளைகளுக்கு அப்படி ஒரு தொகை வாங்கியதே தெரியாமல் போவது நடக்கிறது.

வேறு ஆட்கள், வேறு வீடுகள்

நெல்லை நம்பி வருமானம் உள்ளவர்களுக்குக் கணக்கைக் கொஞ்சம் மாற்றலாம். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் குறுவைப் பணம் புரட்டாசி, ஐப்பசியில். சம்பா, தாளடிப் பணம் தை, மாசியில். கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்கினால் இன்னும் தள்ளும். உரக்கடை, அறுவடை இயந்திரம், அரிசி மண்டி எல்லாம் இந்த ஓட்டத்தில்தான். இவர்களிடம் அட்வான்ஸை ஏற்றுவதால் பயன் இல்லை. பணம் இல்லாத மாதத்தில் ஏற்றிய அட்வான்ஸிலிருந்துதான் கழிக்கச் சொல்வார்கள். அறுவடை முடிந்ததும் மூன்று மாத வாடகையை முன்கூட்டி வாங்கி, ஐப்பசி முதல் மார்கழி வரைக்கு வரவு வைத்துக்கொள்ளலாம். இது வாடகை, அட்வான்ஸ் அல்ல. ரசீதில் எந்தெந்த மாதம் என்று எழுத வேண்டும்.

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டில் ஆளுக்கு ஆள் அட்வான்ஸ் வாங்கினால் நடுவில் ஒருவர் விலகும்போது சிக்கல். வீட்டுக்கு ஒரே ஒப்பந்தம், ஒரே தொகை, நால்வர் கையெழுத்து. விலகுபவர் தன் பங்கைப் புதிதாக வருபவரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் கடைசியில் ஒரே முறைதான் திருப்புவார். கோடை விடுமுறைக்கு வாடகை உண்டா, அரை வாடகையா என்பதையும் முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

பழைய ஓட்டு வீடுகளில் ஓடு நகர்வதும் உடைவதும், குரங்கு தாவிக் கெடுப்பதும் வீட்டுக்காரர் செலவு. ஆடிக்குள் ஓட்டைப் பிரித்து மாற்றிக் கொடுத்துவிட்டால் ஐப்பசியில் பேச்சு வராது. போக்கியத்துக்கு விடுவது முற்றிலும் வேறு கணக்கு, அதை அட்வான்ஸோடு கலக்கக் கூடாது.

எழுத வேண்டியதும் செய்ய வேண்டியதும்

அட்வான்ஸுக்கு ஒப்பந்தத்தில் இந்த அளவு போதும்:

"முன்பணம் ரூ. 27,000 வங்கி வழியாகப் பெறப்பட்டது. இதற்கு வட்டி இல்லை. குடியிருக்கும் காலத்திலும் நோட்டீஸ் காலத்திலும் வாடகையை இதில் கழிக்க இரு தரப்பும் கேட்பதில்லை. இணைத்துள்ள பட்டியலில் உள்ள பொருள்களின் சேதத்துக்கு, தேய்மானம் நீக்கி, பில் காட்டிப் பிடித்தம் செய்யலாம். சுவர் வெள்ளையடிப்பு வீட்டு உரிமையாளர் செலவு. வரைதல், பெரிய துளை போன்ற சேதத்துக்கு மட்டும் குடியிருப்பவர் பொறுப்பு. பொதுத் தொட்டி சுத்தம் செய்யும் கூலி பாதிப்பாதி. மீதித் தொகை, காலி செய்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் அதே வங்கிக் கணக்குக்கு அனுப்பப்படும்."

வாடகை கூடும்போது அட்வான்ஸையும் கூட்ட வேண்டுமா? 9,000 என்பது 10,000 ஆனால் வித்தியாசம் 3,000. அதற்காகப் பேச்சு வளர்க்க வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். புது ஒப்பந்தம் எழுதுவதுதான் அதைவிட முக்கியம்.

பட்டியலில் ஃபேன் எத்தனை, ஹீட்டர் எந்த வருடத்துடையது, குழாய் எத்தனை, சாவி எத்தனை கொத்து, உடைந்த கண்ணாடி எது, மீட்டர் ரீடிங் எவ்வளவு என்று வர வேண்டும். ஒவ்வொரு அறையிலும் நான்கு சுவர், தரையோரம் முழங்கால் உயரம் வரை தனியாக, கூரை ஒன்று, குழாயைத் திறந்துவிட்டு ஒன்று. ஏழெட்டு நிமிட வீடியோவும் எடுத்து இருவர் செல்போனிலும் அன்றே அனுப்பிக்கொண்டால் தேதி தானாகப் பதிந்துவிடும்.

காலி செய்வதற்குப் பத்து நாள் முன்பு ஒருமுறை இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். குடித்தனக்காரர் தாமே எலிமென்ட்டை மாற்றிவிடவும் ஆணித் துளையை அடைத்துவிடவும் அப்போது நேரம் இருக்கும். அவருக்குத் தெரிந்த ஆள் வைத்துச் செய்தால் செலவும் குறையும். கடைசி நாள் மீட்டர் படம், பட்டியலில் இருவர் கையெழுத்து, சாவி. தகராறு இல்லாத தொகையைச் சாவி வாங்கும்போதே அனுப்பிவிட்டு, பில் வர வேண்டியதற்கு மட்டும் 3,000, 4,000 நிறுத்திவைத்துக்கொள்ளலாம்.

பூட்டிக் கிடந்த கும்பகோணத்து வீட்டுக்கும் வழி அதுதான். டிசம்பர் 15-இல் காலி என்றால் ஒரு மாதக் கெடு ஜனவரி 15, பொங்கல் நேரம். கரண்ட் பில் ஜனவரி 2-ஆம் தேதியே வந்துவிடுகிறது. வீட்டுக்காரர் 20,000-ஐ எங்காவது புரட்டி வங்கி வழியாக அனுப்பி அறைச் சாவியை வாங்கிக்கொண்டு, பில் வந்ததும் திருத்திய சீட்டையும் மீதி 12,124-ஐயும் பொங்கலுக்கு முன் அனுப்பிவிட்டால் கணக்கு தீரும். தராவிட்டால் குடித்தனக்காரர் வாடகை அதிகாரியிடம் போகலாம். அங்கே முதலில் கேட்பது ஒப்பந்தமும் பணம் கொடுத்த சான்றும். 50,000-க்கு அவரிடம் இருக்கும் ஒரே சான்று பத்திரத்தில் எழுதிய 70,000 என்ற எண்தான்.